புது ஜீப்புகள் மெத்தென்று போய்விட்டனவா? மூன்றாம் கைக்காரன் ஒருவனின் பதில்

கட்டாரில் வேலை செய்யும், மட்டக்களப்பு களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்வியின் சுருக்கம் இது: “அடுத்த வருஷம் ஊரோடு வந்துவிடப் போகிறேன். வெல்லாவெளிப் பக்கம் அப்பாவின் வயல் இருக்கிறது. குடும்பத்தோடு ஓடவும் ஒரு வாகனம் வேண்டும். இங்கே மணலில் ஜீப் ஓட்டுகிற கூட்டாளிமார் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். புது டிபெண்டரும் புது லேண்ட் குரூசரும் மெத்தை வைத்த கார் ஆகிவிட்டன, விலையும் கைக்கு எட்டாது என்கிறது ஒரு கட்சி. இவ்வளவு நல்ல ஜீப் முன்பு வந்ததே இல்லை என்கிறது மற்றது. எது உண்மை? பழையதைத் தேடிப் பிடிப்பதா, புதுசுக்குப் போவதா? எதை வாங்கினாலும் ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் உயரக் குழாய்) போடத்தான் வேண்டுமா?”

தம்பி, இரண்டு கட்சியும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருமே வாகனத்தை முதல் கையில் வாங்குகிறவர்களாக நின்று பேசுகிறார்கள். நம்முடைய பக்கம் ஜீப் அப்படி வருவதில்லை. ஜப்பானில் ஒருவர் ஓட்டி, கொழும்பில் ஒருவர் ஓட்டி, அதன் பிறகுதான் மட்டக்களப்புக்கோ அக்கரைப்பற்றுக்கோ வந்து சேரும். 2004 சுனாமிக்குப் பிறகு சர்வதேச நிறுவனங்களின் வெள்ளை லேண்ட் குரூசர்களும் டபுள் கேப்களும் நம் வீதி முழுக்க ஓடின. அவர்கள் வேலை முடிந்து போனபோது அவற்றில் பல டெண்டரில் விலைப்பட்டு இங்கேயே தங்கிவிட்டன. நான் கராஜ் வேலை பழகியதும் அப்படிப்பட்ட வாகனங்களில்தான். மெத்தென்று போனதைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. மூன்றாம் கைக்கு வரும்போது இந்தப் புது வாகனங்களை யார் திருத்துவது என்பதுதான் என் கவலை. அந்த விஷயத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறேன்.

முதலில் மெத்தைக் கதை. அதன் அடியில் இருப்பது அச்சு. பழைய லேண்ட் ரோவரிலும், லேண்ட் குரூசர் 70, 80 இரண்டிலும், பழைய நிஸான் பட்ரோலிலும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று முழு இரும்பு அச்சு குறுக்கே ஓடும். இடது சில்லு கல்லில் ஏறினால் அச்சு மொத்தமும் சாய்ந்து வலது சில்லைக் கீழே அமத்தும். பள்ளம் திட்டியில் சில்லு நிலத்தை விடாமல் பிடிப்பதற்கு அதுதான் காரணம். அச்சின் நடுவில் தொங்கும், சக்தியை இரு சில்லுக்கும் பிரித்து அனுப்பும் டிஃப் சட்டிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளியும் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் மாறாது. தார் வீதிக்கு வந்தால்தான் வண்டவாளம் தெரியும். ஒரு பக்கத்துக் குழி இரண்டு பக்கத்தையும் உலுக்கும், ஸ்டியரிங் அலையும், வேகம் கூடக் கூட இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் ஏறி இறங்கும் அமைப்பில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறு குறை. உடம்பு தாழும்போது வயிற்றுப் பக்கமும் சேர்ந்து தாழும். சந்துப் பொருத்துகளும் அதிகம், அவை ஒவ்வொன்றும் ஒரு நாள் தேயும்.

இந்த மாற்றம் நேற்று வந்த வியாதி போலக் கதைக்கிறார்கள். லேண்ட் குரூசரின் தம்பியான பிராடோவின் 90 வரிசை 1996 இல் முன் அச்சைக் கைவிட்டது. பெரிய லேண்ட் குரூசர் 1998 இல் 100 வரிசையோடு அதே வழிக்கு வந்தது. மிட்சுபிஷி பஜிரோ 1999 இல் ஏணிச் செசியையே, அதாவது உடம்பைத் தாங்கும் ஏணி போன்ற இரும்புச் சட்டத்தையே, விட்டுவிட்டு, கார் மாதிரி உடம்பும் செசியும் ஒன்றாகி, நான்கு சில்லும் தனித்தனியாக ஆடும் வாகனமானது. பட்ரோல் 2010 இல் இரண்டு அச்சையும் விட்டது. ஒவ்வொரு முறையும் இதே ஒப்பாரிதான். இன்று ‘அந்தக் காலத்து இரும்பு’ என்று 100 ஐயும் பழைய பிராடோவையும் கொண்டாடுகிறவர்களுக்கு மூத்தவர்கள், அந்த வாகனங்கள் வந்த புதிதில் அவற்றைக் கார் என்று நக்கலடித்தவர்கள். இன்னும் பதினைந்து வருஷத்தில் இப்போதைய பிராடோவான 250 ஐயும் யாராவது இரும்பு என்பார்கள், பாருங்கள்.

டிபெண்டரில்தான் வெட்டு ஆழமாக விழுந்தது. 1948 இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வந்த லேண்ட் ரோவரின் நேர் வாரிசு அது. 1990 இல்தான் டிபெண்டர் என்று பெயர் வைத்தார்கள். 2016 ஜனவரி 29 இல் இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலையில் கடைசி வாகனம் இறங்கியபோது அந்தப் பரம்பரையில் 20 இலட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். 2019 இல் பிராங்பேர்ட்டில் காட்டிய புதியது ஸ்லோவாக்கியாவில் செய்யப்படுவது. ஏணிச் செசி இல்லை, அச்சு இல்லை, உடம்பு முழுக்க அலுமினியம். தோற்றத்திலே மட்டும் தாத்தாவின் சாயல். ஆட்களுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

ஆனால் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அளவுகளைப் பாருங்கள். பழைய டிபெண்டர் இறங்கலாம் என்று கம்பெனி சொன்ன தண்ணீர் ஆழம் 500 மில்லிமீற்றர். புதியதுக்கு 900. காற்று சஸ்பென்ஷனை உயர்த்தினால் புதிய டிபெண்டரின் ஐந்து கதவு மாதிரியான 110 இன் வயிறு நிலத்திலிருந்து 291 மில்லிமீற்றர் மேலே நிற்கும். மூன்றரைத் தொன் இழுக்கும். பெரிய லேண்ட் குரூசரில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் போய்விட்டது என்று 2021 இல் எவ்வளவு அழுகை! அந்தப் பழைய 4.5 லீற்றர் டீசல் வி8 தந்த முறுக்குவிசை 650 நியூட்டன் மீற்றர். இப்போதைய 3.3 லீற்றர் வி6 தருவது 700. வாகனமும் சுமார் 200 கிலோ எடை குறைந்திருக்கிறது. இதை மெத்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆர்வலர்களுக்கு உண்மையில் எங்கே வலிக்கிறது என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. பழைய ஜீப்பில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகச் சில்லு அந்தரத்தில் தொங்கினால் எஞ்சினின் சக்தி முழுவதும் அந்தச் சில்லுகளுக்கே ஓடும், வாகனம் நின்ற இடத்தில் நிற்கும். அந்த நிலைக்கு வராமல் எந்தக் கோட்டில் ஏற்றுவது, இரு சில்லையும் சேர்த்துப் பூட்டும் டிஃப் லொக்கை எப்போது போடுவது, மெல்லவும் பலமாகவும் இழுக்கும் லோ கியரில் எவ்வளவு மிதிப்பது என்றெல்லாம் ஓட்டுகிறவன் பல வருஷம் சேறு தின்று பழகியிருப்பான். புதியதில் கணினி அந்தரத்தில் சுற்றும் சில்லை மட்டும் பிரேக்கால் பிடித்துச் சக்தியை மற்றச் சில்லுக்கு அனுப்பிவிடும். சேறா மணலா கல்லா என்று ஒரு குமிழைத் திருகினால் போதும். நேற்று லைசன்ஸ் எடுத்த பிள்ளையும் ஏறிப் போய்விடும். கைவந்த வித்தை வாகனத்துக்குள் போய்விட்டது. ஆசை ஆசையாகப் பழகிய ஒன்று இனித் தேவையில்லை என்றால் யாருக்கும் கசக்கும். அதை ‘வாகனம் கெட்டுவிட்டது’ என்று சொல்வதுதான் பொருந்தவில்லை.

இன்னொன்று. அச்சு நல்லதா, தனிச் சில்லு நல்லதா என்ற சண்டையெல்லாம் பெரும்பாலும் பாறையில் ஏறுகிறவர்களின் சண்டை. நம்முடைய பக்கத்தில் பாறை எங்கே இருக்கிறது? குடும்பிமலையடிக்குப் போனால் கொஞ்சம். மற்றப்படி நமக்கு மூன்று பகை: பெரும்போகக் களி, கடற்கரை மணல், வெள்ளத் தண்ணீர். களியில் முதலில் கேட்கும் கேள்வி எடை. பெரிய லேண்ட் குரூசர் சுமார் இரண்டரைத் தொன், புது டிபெண்டரும் இரண்டு தொன்னுக்கு மேல். மார்கழியில் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) அப்படி ஒன்றை இறக்கினால், எத்தனை கணினி இருந்தாலும் வயிறு நிலத்தில் குந்தும் வரை தாழும். பிறகு பக்கத்து வயல்காரரின் மெசி பேர்குசன் உழவு இயந்திரம் வந்து இழுக்கும், பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும். சுமார் 1,100 கிலோ உள்ள சுசுகி ஜிம்னி அதே இடத்தில் மேலால் போய்விடும்.

மணலில் டயர்தான் கதை. காற்றை இறக்கி டயரைத் தட்டையாக்கி ஓட வேண்டும். அதற்கு டயரின் பக்கச் சுவர் உயரமாக இருக்க வேண்டும். புது ஜீப்புகள் வடிவுக்காக 20, 22 அங்குல ரிம்மோடு வருகின்றன. பக்கச் சுவர் மெல்லிசு. காற்றை இறக்கினால் ரிம் நிலத்தில் இடிக்கும். மெத்தென்று போனதாகச் சொல்லும் முறைப்பாடுகளுக்குள் எனக்கு நூற்றுக்கு நூறு சரியாகப் படுவது இந்த ஒன்றுதான். அதற்கும் மருந்து உண்டு. சின்ன ரிம் உள்ள மலிவு மாதிரியை எடுத்தால் போதும்.

மெத்தென்று இருப்பதன் சுகத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆடியில் உகந்தை முருகன் கோயில் கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள் என்று வையுங்கள். பாணமைக்கு அப்பால் அந்த மண் வீதி அலை அலையாகப் புடைத்துக் கிடக்கும். பழைய அச்சு ஜீப்பில் கோயில் போய்ச் சேரும்போது அம்மாவின் இடுப்பு கழன்றிருக்கும். புதிய பிராடோவில் அவர் நித்திரை கொண்டே போவார். குமண சரணாலயத்துக்குள் ஜீப் ஓட்டுகிற பொத்துவில் காக்காமாரைக் கேட்டுப் பாருங்கள், முதுகு வலியைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்வார்கள்.

சரி, விலை. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் கம்பெனியைத் திட்டுகிறார்கள். ஜப்பானில் பழைய 150 பிராடோவின் கடைசிக் காலத்தில் மிக மலிவான மாதிரி சுமார் 37 இலட்சம் யென். 2024 இல் வந்த 250 அங்கே 52 இலட்சத்தில் தொடங்குகிறது. பார்த்தால் பகல் கொள்ளை. ஆனால் 2021 தொடக்கத்தில் ஒரு டொலருக்குச் சுமார் 105 யென், 2024 இல் 150 ஐ ஒட்டி. டொலரில் கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. 2021 இல் சுமார் 85,000 டொலருக்கு விற்ற லேண்ட் குரூசரை நிறுத்திவிட்டு, 250 ஐ அதே பெயரில் 56,000 டொலருக்குச் சற்றுக் கீழே தொடங்கினார்கள். அது பிராடோ உடம்பு என்பது வேறு கதை. அங்கே பெயர் மலிந்தது, இங்கே நாம் விலை கூடியது என்று அழுகிறோம்.

நமக்கு விலை ஏறியதற்கு முக்கியமான காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். இப்போது 300 ஐச் சுற்றி நிற்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தபோது சுங்கத் தீர்வை, அதன் மேல் மேலதிக வரி, எஞ்சின் அளவைப் பார்த்து உற்பத்தி வரி, சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) என்று அடுக்கிவிட்டார்கள். உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்க்கிறது. அந்த ஜீப் வயலுக்குப் போகிறதா, கொழும்புக் கொள்ளுப்பிட்டியில் கோப்பி குடிக்கப் போகிறதா என்று பார்ப்பதில்லை. முன்பு அரச அதிகாரிகளும் வைத்தியர்களும் தீர்வைச் சலுகை பெர்மிட்டில் எடுத்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் அந்த வாகனங்கள் சந்தைக்கு வரும், நம்மைப் போன்றவர்கள் வாங்குவோம். அந்த வாய்க்காலிலும் தண்ணீர் நின்றுவிட்டது.

கடினமாகச் செய்தால் மலிவாக இருக்கும் என்ற நினைப்பும் ஓடுகிறது. அதுவும் சரியில்லை. பழைய டிபெண்டர் நின்றுபோனதில் மனம் நொந்த பிரித்தானியக் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃப், இனியோஸ் கிரனேடியர் என்று ஒன்றைச் செய்தார். ஏணிச் செசி, இரண்டு பக்கமும் முழு அச்சு, பிஎம்டபிள்யூ எஞ்சின், பிரான்ஸில் தொழிற்சாலை. ஆர்வலர்கள் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது. விலையோ பிரித்தானியாவிலேயே 49,000 பவுணில் தொடங்கிப் பிறகு ஏறியது. மகிந்திரா தார் இன்னொரு பாடம். 2020 இல் புதியது வந்தபோது இந்தியாவில் 9.80 இலட்சத்தில் தொடங்கியது, பழையதைவிடக் கூடுதல். ஆனால் பின்னுக்கு இருந்த பட்டை ஸ்பிரிங் போய் கொயில் வந்தது, எயார்பேக் வந்தது, விபத்துப் பரிசோதனையில் நான்கு நட்சத்திரம் எடுத்தது. முந்திய தாரில் குடும்பத்தை ஏற்றிச் செங்கலடி மகா ஓயா வீதியில் இரவில் ஓடியவர்களுக்கு அந்த நான்கு நட்சத்திரத்தின் அருமை தெரியும். ஆனை குறுக்கே வந்தால் பிரேக் பிடிப்பது ஒன்று, பிடித்த பிறகு கவிழாமல் நிற்பது இன்னொன்று. விலை ஏற்றத்தில் ஒரு பங்கு இப்படி உயிருக்கு, ஒரு பங்கு புகைச் சட்டத்துக்கு. மிச்சம் திரைக்கும் தோல் இருக்கைக்கும் இலாபத்துக்கும். அந்த மிச்சத்தைத்தான் திட்டலாம்.

சாதாரண ஜீப்புக்கு ஆளில்லை என்று கம்பெனிகள் சொன்னால் நம்ப வேண்டாம். 2025 ஜனவரி கடைசியில் ஐந்து கதவு ஜிம்னியை ஜப்பானில் அறிவித்தார்கள். நான்கு நாளில் சுமார் 50,000 பேர் கேட்டுவிட்டதால் ஓடரை நிறுத்த வேண்டி வந்தது. ஏணிச் செசி, முழு அச்சு, தனி லோ கியர் நெம்பு, டர்போ இல்லாத 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், அவ்வளவுதான் அதற்குள் இருக்கிறது. ஐரோப்பாவில் அதே ஜிம்னியைப் புகைக் கணக்கு வந்து மடக்கியது. கம்பெனி விற்கிற எல்லா வாகனங்களின் சராசரிப் புகையையும் அது ஏற்றிவிடுகிறது என்பதால் பின் இருக்கையைக் கழற்றி வர்த்தக வாகனமாக விற்கும் நிலைக்கு வந்தார்கள். முரட்டு வாகனங்கள் குறைவதற்கு வாங்குகிறவர்களின் சொகுசு ஆசை மட்டும் காரணமில்லை.

இப்போது என்னுடைய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஜீப்பின் ஆயுளை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் தெரியாது. கராஜில் நிற்கிறவனுக்கு அது முப்பது வருஷம். லேண்ட் குரூசர் 70 இல் வரும் 1எச்இசட் எஞ்சினை எடுங்கள். 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை, கணினி இல்லை, டீசலை அனுப்புவது ஒரு இயந்திரப் பம்ப். ஏற்றத்தில் சோம்பேறி, எண்ணெய் குடிக்கும், ஆனால் கல்முனையில் டீசல் பம்ப் பார்க்கிற எவரும் அதைக் கழற்றிப் பூட்டுவார். டயர் 7.50–16. லேண்ட் ரோவருக்கும் அதே அளவு, சின்ன லொறிகளுக்கும் அதே அளவு. வாழைச்சேனையிலும் கிடைக்கும், அம்பாறையிலும் கிடைக்கும். எஞ்சின் செத்த பழைய லேண்ட் ரோவருக்குள் இசுசு எஞ்சினையோ டொயோட்டா எஞ்சினையோ இறக்கி இன்னும் இருபது வருஷம் ஓடவிட்டார்கள். அதற்குப் பதிவுப் புத்தகத்தையும் மாற்ற வேண்டும், பலர் மாற்றவில்லை, அது வாங்குகிறவனுக்கு வரும் தலையிடி.

புதியதில் இந்த வேலை ஒன்றும் நடக்காது. காற்று சஸ்பென்ஷனின் ரப்பர்ப் பை வயது போகப் போக வெடிக்கும், கொம்பிரசர் களைத்துவிடும், ஒரு நாள் காலையில் வாகனம் ஒரு பக்கமாகக் குந்தியிருக்கும். எஞ்சின் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒரு பெட்டியை மாற்றினால் மற்றப் பத்துப் பெட்டியும் அதை அடையாளம் கேட்கும். எனக்குத் தெரிந்த ஒருவரின் வாகனத்தில் வெள்ளத்துக்குப் பிறகு எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒரு வயர் முனையில் களப்புத் தண்ணீரின் உப்புப் பூத்திருந்தது, அவ்வளவுதான் குற்றம். அதைக் கண்டுபிடிக்கும் கருவி இங்கே ஒருவரிடமும் இருக்கவில்லை. வாகனத்தை லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார், அந்தச் செலவு திருத்தக் கூலியைவிடக் கூட. இது செய்தவர்களின் பிழை என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவர்கள் முதல் ஐந்து வருஷத்துக்கும் முதல் சொந்தக்காரனுக்கும் செய்கிறார்கள். உத்தரவாதம் முடிந்து, இரண்டு கை மாறி, படுவான்கரைக் கிறவல் வீதிக்கு அது வரும் நாளை யாரும் வரைபடத்தில் வைக்கவில்லை.

டீசல் புகை வடிகட்டி இன்னொரு தலையிடி. அது கரியைப் பிடித்து வைத்து, வாகனம் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் சூடாக ஓடும்போது எரித்துவிடும். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி, போரதீவு, வெல்லாவெளி, திரும்பி வீடு என்று மெல்ல மெல்ல ஓடினால் எரிக்க நேரமே கிடைக்காது. நம் ஓட்டோ டீசலில் கந்தகமும் சுப்பர் டீசலைவிடக் கூட. ஜப்பானுக்கென்று செய்த டீசலை ரீகண்டிஷனில் எடுத்தால் சுப்பர் டீசல்தான் அடிக்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை நெடும் வீதியில் ஒரு ஓட்டம் விட வேண்டும். இதை வாகனம் விற்கிறவர் சொல்ல மாட்டார்.

அதற்காகப் பழையதைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். 300 டீடீஐ எஞ்சின் உள்ள டிபெண்டரின் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் எயார்பேக் கிடையாது, கதவுக்கும் தோளுக்கும் இடையில் இடம் இல்லாமல் ஒரு முழங்கையை வெளியே விட்டுத்தான் ஓட்ட வேண்டும், எண்ணெய் கசியாத ஒன்றை நான் கண்டதில்லை. மேல்தகடு அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது என்று ஏமாறுகிறார்கள். செசி இரும்பு, பின்பக்கக் குறுக்குச் சட்டம்தான் முதலில் உக்கும். நம் களப்பு ஓரத்தில், கடற்கரையில் நின்ற வாகனம் என்றால் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பெயின்ட் மட்டும் புதுசாக அடித்திருந்தால் இரண்டு தரம் தட்டுங்கள். பழைய பிராடோவில் 1கேஇசட் டர்போ டீசல் என்றால் எஞ்சின் தலை வெடிப்பதில் பேர்போனது. ஒருமுறை சூடேறியதா, ரேடியேற்றர் எப்போது மாற்றியது என்று துருவிக் கேளுங்கள். இறக்குமதி நின்ற காலத்தில் இந்தப் பழசுகளின் விலையும் கண்டபடி ஏறியது, ஏறினது இறங்கவேயில்லை என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். நீங்கள் பேரம் பேசுங்கள்.

உங்களுடைய தேவைக்கு என் யோசனை டபுள் கேப். ஹைலக்ஸ், டி-மெக்ஸ், எல்200, எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அது. ஏணிச் செசி இருக்கிறது, பின்னுக்கு முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இருக்கின்றன, லோ கியர் இருக்கிறது, பசளை மூட்டையும் ஏறும், பிள்ளைகளும் ஏறும். உதிரிப்பாகம் மட்டக்களப்பு டவுனிலேயே எடுக்கலாம். வெறும் பெட்டியோடு ஓடும்போது பின்பக்கம் துள்ளும், வீட்டில் முறைப்பாடு வரும், அதைச் சமாளித்துக்கொள்ளுங்கள். வயலுக்குச் சுமை ஏற்றத் தேவையில்லை, உழவு இயந்திரம் இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்த்து வந்தால் போதும் என்றால் ஜிம்னி. குடும்பம் நான்கு பேருக்கு மேல் என்றால் அதை மறந்துவிடுங்கள், ஐந்து கதவிலும் நான்கு பேர்தான் நிம்மதியாக இருக்கலாம்.

காசு பிரச்சினை இல்லை, உகந்தைக்கும் கொழும்புக்கும் சுகமாகப் போய்வர வேண்டும் என்றால் 250 ஐ எடுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஏணிச் செசியும் பின் அச்சும் அதில் இன்னும் இருக்கின்றன, மெத்தை என்று சொல்கிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். புது டிபெண்டரை நம் ஊருக்கு நான் சொல்ல மாட்டேன். ஏறாது என்பதற்காக இல்லை, நின்றால் எங்கே கொண்டுபோவது என்பதற்காக. பழைய டிபெண்டர் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் இரண்டாவது வாகனமாக வாங்குங்கள், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறொன்று வீட்டில் நிற்கட்டும்.

கடைசியாக ஸ்நோர்க்கல். அது எஞ்சின் மூச்சு எடுக்கும் வாயை உயரத்தில் வைக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கதவால் வரும் தண்ணீரையும், வயருக்குள் போகும் தண்ணீரையும் அது தடுக்காது. 900 மில்லிமீற்றர் என்று கம்பெனி சொல்வதும் நின்ற தண்ணீருக்கு. புலிபாய்ந்தகல் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது ஆழத்தைவிட வேகம்தான் ஆளைக் கொல்லும். உடம்பு இறுக்கமாக மூடிய புது ஜீப் அதில் மிதக்கவே தொடங்கும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது உங்களுக்கும் தெரியும். பாய்கிற தண்ணீர் என்றால் எந்த வாகனத்தோடும் இறங்க வேண்டாம், படகுக்குக் காத்திருங்கள். நின்ற தண்ணீரில் சில்லு மூழ்க ஓடிவந்தால் அடுத்த நாளே டிஃப் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம், முழுவதையும் மாற்றிவிடுங்கள். டிஃபின் மூச்சுக் குழாயை இழுத்து எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிட்டால் அந்தத் தொல்லையும் பெருமளவு குறையும். ஸ்நோர்க்கலுக்கு முதல் அதைச் செய்யுங்கள், ஒரு ரப்பர்க் குழாயின் காசுதான் போகும்.